செயற்கைக்கோள் படத்தை வைத்துப் புயலின் வலிமையைக் கணிப்பது: டுவோராக் முறைக்கு முழுமையான வழிகாட்டி

அட்லாண்டிக்கில் ஒரு புயல் உருவானால் அதன் கண்ணுக்குள்ளேயே அமெரிக்கர்கள் விமானம் ஓட்டிப்போய்க் காற்றை அளந்து வருகிறார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் இல்லை. மிதவைகள் சில உண்டு. ஆனால் புயலின் கண்சுவர், அதாவது கண்ணைச் சூழ்ந்த, காற்று மிகப் பலமான மேகவளையம், சரியாக ஒரு மிதவையின் மேலேறிப் போவது அபூர்வம். கரையிலிருந்து முந்நூறு, நானூறு கி.மீ.க்குள் வந்தபின்தான் சென்னை, காரைக்கால் ரேடார்கள் கைகொடுக்கும். அதுவரை, புயல் அறிக்கையில் வரும் “மணிக்கு 80 முதல் 90 கி.மீ.” என்பது பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தை ஒருவர் உட்கார்ந்து படித்து எடுத்த கணிப்பு.

அப்படிப் படிப்பதற்கான முறையை அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970களில் வகுத்தார். 1984இல் அகச்சிவப்புப் படங்களுக்கும் சேர்த்து அதை விரிவாக்கி வெளியிட்டார். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டெல்லி புயல் மையம் உட்பட உலகின் எல்லாப் புயல் மையங்களும் ஏதோ ஒரு வடிவில் இதைத்தான் இன்றும் பயன்படுத்துகின்றன. தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடிய முறை. அதனால்தான் ஐம்பது ஆண்டு தாங்கியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்: படத்தில் காற்று தெரிவதில்லை. தெரிவது மேகத்தின் ஒழுங்கு. மேகக்கூட்டம் மையத்தை எவ்வளவு சுற்றியிருக்கிறது, மையத்துக்கு மேல் இருக்கிறதா ஒதுங்கியிருக்கிறதா, கண்ணுக்கும் சுற்றுவட்டத்துக்கும் வெப்பநிலை வேறுபாடு எவ்வளவு என்பவற்றுக்கும் காற்றின் வேகத்துக்கும் உள்ள புள்ளியியல் உறவே இந்த முறை. படம் சிவப்பும் கறுப்புமாகப் பயமுறுத்துகிறது என்பதற்காக எண் கூடாது. கணிப்பில் நேரும் பெரிய தவறுகளில் பாதி, குளிர்ந்த மேகத்தைப் பார்த்து மயங்குவதால் வருபவை. மீதிப் பாதி, மையத்தைத் தவறாக வைப்பதால்.

எண்ணும் காற்றும்

முறையின் விடை டி-எண். 1 முதல் 8 வரை, அரை அரையாக ஏறும். வலுவிழக்கும் புயலுக்கு மட்டும் ஒரு சிறு மாற்றம் செய்து “நடப்பு வலிமை எண்” எடுப்போம். காற்றின் வேகம் அந்த எண்ணுக்குத்தான். இந்தியக் கடல்களுக்கு வழங்கும் அட்டவணை இது. நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வேகம், மணிக்குக் கி.மீ. கணக்கு, பிறகு மையத்தின் அழுத்தக் குறைவு:

2.0: 30 நாட், 56 கி.மீ., 4.5 ஹெக்டாபாஸ்கல்
2.5: 35 நாட், 65 கி.மீ., 6.1
3.0: 45 நாட், 83 கி.மீ., 10
3.5: 55 நாட், 102 கி.மீ., 15
4.0: 65 நாட், 120 கி.மீ., 20.9
4.5: 77 நாட், 143 கி.மீ., 29.4
5.0: 90 நாட், 167 கி.மீ., 40.2
5.5: 102 நாட், 189 கி.மீ., 51.6
6.0: 115 நாட், 213 கி.மீ., 65.6
6.5: 127 நாட், 235 கி.மீ., 80
7.0: 140 நாட், 259 கி.மீ., 97.2
7.5: 155 நாட், 287 கி.மீ., 119.1
8.0: 170 நாட், 315 கி.மீ., 143.3

அட்டவணை கையில் இல்லாவிட்டால், அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்தை 14.2ஆல் பெருக்குங்கள், நாட் கணக்கில் வேகம் கிடைத்துவிடும். அழுத்தக் குறைவு என்பது புயலுக்கு வெளியே உள்ள அழுத்தத்திலிருந்து கழிக்க வேண்டியது. வெளியழுத்தம் 1004 என்றால் 6.5 எண்ணுள்ள புயலின் மைய அழுத்தம் ஏறக்குறைய 924.

பெயர்கள்: 1.5 தாழ்வு மண்டலம், 2.0 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5–3.0 புயல், 3.5 தீவிரப் புயல், 4.0–4.5 மிகத் தீவிரப் புயல், 5.0–6.0 அதி தீவிரப் புயல், 6.5இலிருந்து சூப்பர் புயல். 1999 அக்டோபர் 29இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலுக்குக் கொடுக்கப்பட்ட எண் 7.0.

அட்டவணையை மேலிருந்து கீழே இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். 2.5க்கும் 3.0க்கும் இடையே 10 நாட்தான், 7.0க்கும் 7.5க்கும் இடையே 15. அரை எண் தவறினால் மேல்தட்டில் விலை அதிகம்.

என்னென்ன வேண்டும்

அகச்சிவப்புப் படம், அதாவது 10.8 மைக்ரான் அலைவரிசை. இன்சாட்-3டிஆர், இன்சாட்-3டிஎஸ் இரண்டும் முறையே 74, 82 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நின்று இதை 4 கி.மீ. நுணுக்கத்தில் தருகின்றன, ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்தில் தரவே கிடைக்கும். பகலில் கண்ணுறு ஒளிப் படமும் வேண்டும். நுணுக்கம் 1 கி.மீ. ஜப்பானின் ஹிமாவரி-9 பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 2 கி.மீ. நுணுக்கத்தில் எடுத்தாலும், 140.7 டிகிரியில் நின்றுகொண்டு வங்கக் கடலை மிகச் சாய்வாகப் பார்க்கிறது. அதன் விளைவைக் கீழே சொல்கிறோம்.

பி.டி. அளவுகோல் எனப்படும் சாம்பல்நிறப் பூச்சு இல்லாமல் இந்த முறை நடக்காது. வானவில் நிறப் படங்கள் பார்க்க அழகு. எண் எடுக்க உதவாது. அளவுகோலின் படிகள், செல்சியஸில்:

வெப்பச் சாம்பல்: +9க்கு மேல்
வெளிர்வெள்ளை: +9 முதல் −30 வரை
அடர்சாம்பல்: −31 முதல் −41
நடுச்சாம்பல்: −42 முதல் −53
இளஞ்சாம்பல்: −54 முதல் −63
கறுப்பு: −64 முதல் −69
வெள்ளை: −70 முதல் −75
குளிர் நடுச்சாம்பல்: −76 முதல் −80
குளிர் அடர்சாம்பல்: −81உம் அதற்குக் கீழும்

மூன்றாவதாக, 10 டிகிரி மடக்கைச் சுருள் வரைந்த ஒளிபுகும் தாள். திரையில் மேலே வைத்துப் பார்க்கும் மென்பொருள் என்றாலும் சரி. நான்காவதாக, சரியாக 24 மணி நேரத்துக்கு முந்தைய படமும் அப்போது கொடுத்த எண்ணும். பலர் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். அது இல்லாமல் செய்வதற்கு டுவோராக் முறை என்று பெயரில்லை.

படி 1: மையம் எங்கே

கீழ்மட்டச் சுழற்சியின் மையத்தைத்தான் தேட வேண்டும். மேகக்கூட்டத்தின் நடுப்புள்ளி வேறு, சுழற்சியின் மையம் வேறு. கண் திறந்திருந்தால் வேலையில்லை. இல்லாவிட்டால் கடைசி ஆறு மணி நேரப் படங்களை அசையவிட்டு, தாழ்வான மேகத்துணுக்குகள் எதைச் சுற்றி ஓடுகின்றன என்று பாருங்கள். காலையில் வெயில் சாய்வாக விழும் நேரத்துக் கண்ணுறு ஒளிப் படம் இதற்கு மிகச் சிறந்தது. தாழ்மேகங்களின் நிழல்கூடத் தெரியும். இரவில் 3.9 மைக்ரான் படத்துக்கும் 10.8க்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் தாழ்மேகங்கள் பிரிந்து தெரியும். அகச்சிவப்புப் படத்தில் மட்டும் அவை கடல்நீரின் வெப்பநிலையோடு கலந்து மறைந்துவிடும். இரவில் குளிர்மேகத்தின் நடுவே மையத்தை வைத்துவிட்டு, விடிந்ததும் அது நூறு கி.மீ. தள்ளிக் கிழிந்த மேகங்களுக்கு நடுவே அம்மணமாக நிற்பதைக் கண்டு திடுக்கிடுவது இத்துறையில் எல்லோருக்கும் ஒரு முறையாவது நேர்வது.

இன்னொரு பொறி, பார்வைச் சாய்வு. மேகத்தின் உச்சி 16 கி.மீ. உயரத்தில் இருக்கும். சாய்வாகப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அந்த உச்சி, உண்மையில் இருக்கும் இடத்தைவிடத் தள்ளித் தெரியும். 12 டிகிரி வடக்கு, 85 டிகிரி கிழக்கில் ஒரு புயல் என்று வையுங்கள். 74 டிகிரியில் நிற்கும் இன்சாட் படத்தில் இந்த விலகல் 5 கி.மீ. அளவில் இருக்கும். ஹிமாவரி படத்திலோ 30 கி.மீ.க்கும் மேல், அதுவும் மேற்கு நோக்கி. தமிழகக் கரையை நெருங்கும் புயல் ஹிமாவரி படத்தில் எப்போதும் கரைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பக்கத்தில் தெரிவது இதனால்தான். அசைபடம் அழகாக ஓடுகிறது என்று அதில் மையம் குறிப்பதானால் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது.

படி 2: எண் கொடுக்கத் தகுதி வந்துவிட்டதா

ஒவ்வொரு மேகக்கூட்டத்துக்கும் எண் கொடுக்கத் தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தூக்கமிருக்காது. முதல் எண்ணான 1 கிடைக்க மூன்று நிபந்தனைகள். மேகக்கூட்டம் 12 மணி நேரமாவது நிலைத்திருக்க வேண்டும். மையம், 2.5 டிகிரி அகலத்துக்குள் எங்கோ இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு 6 மணி நேரமாகத் தெரிய வேண்டும். அந்த மையத்திலிருந்து 2 டிகிரிக்குள், −31 செல்சியஸோ அதைவிடக் குளிரோ உள்ள அடர்மேகம் 1.5 டிகிரி அகலத்துக்குமேல் இருக்க வேண்டும். ஒரு டிகிரி என்பது 111 கி.மீ.

படி 3: வடிவத்தைப் பார்த்துத் தரவு எண்

இதுதான் முறையின் இதயம். புயல் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப அளவு மாறும்.

வளைந்த மேகப்பட்டை. வளரும் புயல்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்கும். சுருளை, பட்டையின் உள்விளிம்புக்கு இணையாக, குளிர்மேகங்களின் நடுக்கோட்டோடு பொருந்தும்படி வையுங்கள். பட்டை ஒரு முழுச் சுற்றில் எத்தனை பங்கு சுற்றியிருக்கிறது என்று எண்ணுங்கள். 0.45 முதல் 0.55 என்றால் 2.5. 0.60–0.75 என்றால் 3.0. 0.80 முதல் முழுச்சுற்று வரை 3.5. 1.05–1.30 என்றால் 4.0. பட்டையில் சிறு இடைவெளி இருந்தால் பரவாயில்லை. பெரிய இடைவெளிக்கு அப்பாலுள்ள துண்டை இழுத்து ஒட்டிக்கொள்ளாதீர்கள். மையம் கால் டிகிரி நகர்ந்தாலே சுற்று 0.1, 0.2 மாறிவிடும் என்பதால், மையத்தைச் சற்றே அசைத்து இரண்டு மூன்று முறை அளந்து நடுவானதை எடுப்பது நல்லது.

விண்ட் ஷியர் வடிவம். மேல்மட்டக் காற்று மேகங்களை ஒரு பக்கமாகத் தள்ளிவிட, மையம் மேகத்தின் ஓரத்திலோ வெளியிலோ நிற்கும் நிலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகக் கரையை நெருங்கும் புயல்களில் அடிக்கடி காண்பது. மையத்துக்கும் அடர்மேக விளிம்புக்கும் உள்ள தொலைவுதான் அளவு: முக்கால் டிகிரிக்குள், அதாவது சுமார் 80 கி.மீ.க்குள் என்றால் 2.5, அரை டிகிரிக்குள் என்றால் 3.0, மையம் மேகத்துக்குள்ளேயே மூன்றில் ஒரு டிகிரி அளவு புகுந்திருந்தால் 3.5. விளிம்பு மங்கலாக இருந்தால் இந்த அளவுக்குப் பொருளில்லை; மேல்மட்டப் பஞ்சுமேகத்தின் விளிம்பை அடர்மேகத்தின் விளிம்பாக எடுப்பது இங்கே வழக்கமான தவறு. மேகம் −80க்குப் போனாலும் மையம் வெளியே நின்றால் எண் ஏறாது.

மறைந்த மையம். கண் திறக்கவில்லை, ஆனால் மையம் குளிர்மேகத்துக்குள் நன்றாக உள்ளே இருக்கிறது. 12 மணி நேரத்துக்கு முன் இறுதி எண் (படி 5இல் முடிவாக எடுக்கும் டி-எண்) 3.5ஆவது இருந்திருந்தால் மட்டுமே இதைத் தொட வேண்டும். மையத்தைச் சுற்றி அரை டிகிரிக்கும் சற்றுக் கூடுதலாக எந்த நிறம் சூழ்ந்திருக்கிறது என்று பாருங்கள்: கறுப்போ வெள்ளையோ என்றால் 5.0, இளஞ்சாம்பல் 4.5, நடுச்சாம்பல் 4.0. முந்தைய எண் 2.5ஆக இருக்கும் ஒரு புயலின் மேல் பெரிய கறுப்பு உருண்டை தெரிந்தவுடன் 5.0 என்று அறிவித்துவிடுகிறவர்கள் இந்த நிபந்தனையைத்தான் தாண்டிப்போகிறார்கள்.

கண். இருப்பதிலேயே துல்லியமாக அளக்கக்கூடியது. கண்ணைச் சுற்றி முழு வளையமாக இருக்கும் மிகக் குளிர்ந்த நிறம் எது, அந்த வளையத்தின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் எவ்வளவு என்று பாருங்கள். குளிர் நடுச்சாம்பல் அரை டிகிரி இருந்தால் 6.5, வெள்ளை அரை டிகிரி இருந்தால் 6.0, கறுப்பு அரை டிகிரி என்றால் 5.5, இளஞ்சாம்பல் 0.4 டிகிரி என்றால் 5.0. வளையம் ஓரிடத்தில் உடைந்தாலோ அகலம் குறைந்தாலோ அடுத்த வெப்ப நிறத்துக்கு இறங்க வேண்டும். மூன்று பக்கம் அகலமாக இருக்கிறதே என்று இரக்கம் காட்டக் கூடாது. எண்ணைத் தீர்மானிப்பது ஒல்லியான நான்காவது பக்கம்தான். பிறகு கண்ணின் வெப்பநிலைக்குத் திருத்தம். வெள்ளை வளையத்துக்குள் கண் வெளிர்வெள்ளையாக இருந்தால் அரை எண்ணும், +9ஐத் தாண்டி வெப்பச் சாம்பலாக இருந்தால் ஒரு முழு எண்ணும் கூடும். வெள்ளை வளையம், வெப்பக் கண் என்றால் 6.0உடன் 1.0 சேர்ந்து 7.0.

இங்கே படத்தின் நுணுக்கம் விளையாடும். 10 கி.மீ. குறுக்களவுள்ள குண்டூசிக் கண், 4 கி.மீ. படத்தில் இரண்டு மூன்று புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளில் கண்சுவரின் குளிரும் கலந்துவிடுவதால் கண் உண்மையைவிடக் குளிராகத் தெரியும், எண் குறையும். இத்தகைய சிறிய கண்ணுக்கு 2 கி.மீ. படத்தைத் தேடுங்கள். ஆனால் ஹிமாவரியின் சாய்வுப் பார்வையில் கண்சுவரே கண்ணின் ஒரு பக்கத்தை மறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மையத்துக்கு வெளியே தனியாகத் தெரியும் மேகப்பட்டை பாதிச் சுற்றுக்குமேல் சுற்றியிருந்தால், கண் வடிவத்திலும் மறைந்த மைய வடிவத்திலும் அதற்கென அரை எண்ணோ கூடுதலோ சேர்க்கலாம் என்று விதியில் இடமுண்டு. அகச்சிவப்புப் படத்தில் இதைக் கஞ்சத்தனமாகவே செய்யுங்கள். பிடித்த எண்ணை வரவழைக்கப் பலர் இந்தக் கதவைத்தான் திறக்கிறார்கள்.

மையக் குளிர்மூடி. மையத்தின் மேல் உருண்டையான, மிகக் குளிர்ந்த மேகம் திடீரென வெடித்துப் பரவி, பட்டைகளையும் கண்ணையும் மூடிவிடும். பார்க்க ராட்சதப் புயல். உண்மையில் வளர்ச்சி தடைப்பட்டதன் அடையாளம் என்றே டுவோராக் இதை வகைப்படுத்தினார். எண் 3.0 அல்லது கீழே என்றால், ஏற்கெனவே இருந்த போக்கை 12 மணி நேரம் மட்டும் தொடரவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். 3.5 அல்லது மேலே என்றால் எண்ணை அப்படியே பிடித்து வையுங்கள். பரபரப்பான பதிவுகள் குவியும் இரவு பெரும்பாலும் இந்த இரவுதான்.

படி 4: நேற்றோடு ஒப்பிடுதல்

இப்போது 24 மணி முந்தைய படத்தைப் பக்கத்தில் வையுங்கள். வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்ற மூன்றில் ஒன்று. பட்டை கூடுதலாகச் சுற்றியிருந்தால், கண் தெளிந்திருந்தால், மையம் மேகத்துக்குள் புகுந்திருந்தால் வளர்ச்சி. வளர்ச்சி இயல்பானது என்றால் நேற்றைய எண்ணோடு 1.0, மெதுவானது என்றால் 0.5, வேகமானது என்றால் 1.5 கூட்டுங்கள், தேய்வுக்கு அதே அளவில் கழியுங்கள். இது மாதிரி எண்.

ஏன் சரியாக 24 மணி? கடல் மேலுள்ள மேகங்கள் விடியலுக்கு முன் ஓங்கி, பிற்பகலிலும் மாலையிலும் தளரும் தினசரிச் சுழற்சி உண்டு. மாலை ஐந்தரைப் படத்தையும் அதிகாலை ஐந்தரைப் படத்தையும் ஒப்பிட்டால் எல்லாப் புயலும் இரவில் வளர்ந்து பகலில் தேய்வதாகத் தோன்றும். அதே மணியோடு அதே மணியை ஒப்பிட்டால் இந்த அலை அடிபட்டுப் போகும். அறிக்கைகள் 00, 06, 12, 18 யுடிசி நேரங்களை ஒட்டி வருபவை; நம் நேரத்தில் காலை 5:30, 11:30, மாலை 5:30, இரவு 11:30.

அடுத்தது வடிவ எண். டுவோராக் வரைந்த மாதிரிப் படங்களில் உங்கள் புயல் எதைப்போல் இருக்கிறது என்று பார்த்து, மாதிரி எண்ணை அரை எண் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். அதற்குமேல் இந்தப் படிக்கு உரிமை இல்லை.

படி 5: மூன்றில் எதை எடுப்பது, எங்கே கடிவாளம்

தரவு எண் தெளிவாக அளக்கப்பட்டிருந்தால் அதுவே. சந்தேகமாக இருந்தால் வடிவ எண். அதுவும் மனத்துக்கு ஒட்டவில்லை என்றால் மாதிரி எண். வழி தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: தெளிவில்லாத தரவு எண்ணை, அளந்துவிட்டோமே என்ற பாசத்தில் எடுத்துக்கொள்வது.

பிறகு கடிவாளங்கள். எண் 4.0க்குக் கீழே இருக்கும்வரை 6 மணி நேரத்தில் அரை எண்ணுக்குமேல் மாறக் கூடாது. 4.0உம் மேலும் என்றால் 6 மணியில் 1.0, 12 மணியில் 1.5, 18 மணியில் 2.0, 24 மணியில் 2.5 வரை மாறலாம். இறுதி எண், மாதிரி எண்ணிலிருந்து ஒன்றுக்குமேல் விலகக் கூடாது. புயல் உருவாகும் முதல் 48 மணி நேரத்தில் இரவில் எண்ணைக் குறைக்கக் கூடாது.

ஒரு கற்பனைப் புயலில் இதை ஓட்டிப் பார்ப்போம். நேற்று மாலை 5:30க்கு இறுதி எண் 4.5. இன்று காலை 11:30க்கு 5.5. இப்போது மாலை 5:30. தெளிந்த வெப்பக் கண், அரை டிகிரி அகல வெள்ளை வளையம். தரவு எண் 7.0. வேகமான வளர்ச்சி என்பதால் மாதிரி எண் 4.5+1.5 = 6.0. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று, அனுமதி உண்டு. 24 மணிக் கணக்கில் 2.5 ஏற்றம், அதுவும் எல்லைக்குள். ஆனால் 6 மணிக் கணக்கில் 5.5இலிருந்து ஒரு எண்தான் ஏறலாம். ஆகவே இறுதி எண் 6.5: 127 நாட், மணிக்கு 235 கி.மீ. வளையம் இன்னும் ஆறு மணி நேரம் தாங்கினால் 7.0 தானாக வரும். தாங்காமல் போகும் வளையங்களும் நிறைய, கடிவாளம் அதற்குத்தான்.

கடிவாளத்தால் நட்டமும் உண்டு. 2020 மே மாதம் அம்பன் 16ஆம் தேதி மாலை புயலாகி, 18ஆம் தேதி நண்பகலில் சூப்பர் புயலாகிவிட்டது. 2.5இலிருந்து 6.5க்கு இரண்டு நாள்கூட ஆகவில்லை. இப்படிப்பட்ட புயல்களில் விதி உண்மைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடும். அப்போது கட்டுப்படுத்தப்பட்ட எண்ணோடு, கட்டுப்படுத்தாத தரவு எண்ணையும் குறித்து வைப்பதுதான் நேர்மை.

படி 6: நடப்பு வலிமை எண்

வளரும் புயலுக்கும் நிலையாக நிற்கும் புயலுக்கும் இறுதி எண்ணே நடப்பு வலிமை எண். தேயும் புயலில்தான் வேறுபாடு. மேகம் கலைந்த உடனே காற்று அடங்காது. சுழலும் காற்று தளர நேரம் எடுக்கும். எனவே இறுதி எண் இறங்கத் தொடங்கிய முதல் 12 மணி நேரத்துக்கு உச்ச எண்ணையே நடப்பு எண்ணாக வையுங்கள். அதன்பின் இறுதி எண்ணைவிட 0.5 முதல் 1.0 வரை கூடுதலாக வைத்துக்கொண்டே இறக்குங்கள். படத்தில் மேகம் சிதறிவிட்டதைப் பார்த்து “புயல் செத்துவிட்டது” என்று படகுக்காரர்களுக்குச் சொல்வது ஆபத்தாவது இந்த 12 மணி நேரத்தில்தான்.

தரையேறிய பின் இந்த முறை செல்லாது. காடும் மேடும் காற்றை உரசிக் குறைக்கும் வேகத்துக்கும் மேகத்துக்கும் உறவில்லை. அங்கே நிலைய அளவீடுகளையும் ரேடாரையும் நம்புங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வங்கக் கடலின் தலைப்பகுதியில் உருவாகும் தாழ்வு மண்டலங்களுக்கும் இது சரிவரப் பொருந்தாது. மேகம் ஒரு பக்கம், சுழற்சி இன்னொரு பக்கம் என்பதே அவற்றின் இயல்பு.

குறுக்குச் சரிபார்ப்பு

டுவோராக் எண்ணைத் தனியாக விடாதீர்கள். மைக்ரோவேவ் படங்கள், குறிப்பாக ஜப்பானின் ஆம்சர்-2, ஜிபிஎம் செயற்கைக்கோளின் ஜிஎம்ஐ கருவிகள் தரும் 89, 37 கிகாஹெர்ட்ஸ் படங்கள், மேலே மூடியிருக்கும் பஞ்சுமேகத்தை ஊடுருவி உள்ளிருக்கும் மழைவளையத்தைக் காட்டும். அகச்சிவப்பில் வெறும் உருண்டையாகத் தெரியும் புயலுக்குள் கண்சுவர் முக்கால் வட்டம் கட்டியிருப்பதை இதில்தான் முதலில் காணலாம். 37இல் தெரியும் கீழ்மட்ட மையமும் 89இல் தெரியும் மேல்மட்ட மையமும் விலகியிருந்தால் புயல் சாய்ந்திருக்கிறது. எண்ணை ஏற்ற அவசரப்படாதீர்கள். குறை என்னவென்றால், இவை ஓரிடத்தில் நிற்காமல் தாழ்ந்த சுற்றுப்பாதையில் பூமியைச் சுற்றுபவை. வேண்டிய நேரத்தில் தலைக்கு மேல் இருக்கமாட்டா.

கடல் மேற்பரப்புக் காற்றுக்கு மெட்ஆப் செயற்கைக்கோள்களின் ஆஸ்கேட், இஸ்ரோவின் ஓஷன்சாட்-3 தரும் காற்றளவுகள் உண்டு. 2.0ஆ 2.5ஆ, அதாவது பெயர் வைப்பதா வேண்டாமா என்ற தகராறைத் தீர்க்க இவற்றைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் கண்சுவரின் உச்சக் காற்றை இவை குறைத்துத்தான் காட்டும். அளவிடும் சதுரமே பல கி.மீ. அகலம், கனமழையும் குறுக்கிடும். ஆகவே 5.0க்கு மேலே போய்விட்ட புயலுக்கு ஆஸ்கேட் 60 நாட் காட்டியது என்று எண்ணை இறக்கக் கூடாது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இயக்கும் தானியங்கி டுவோராக் கணிப்பும் இணையத்தில் கிடைக்கும். தெளிந்த கண் உள்ள புயலுக்கு நன்றாக வேலை செய்யும். கண் திறக்குமுன் உள்ள கட்டத்தில் பல மணி நேரம் ஒரே எண்ணில் நின்றுவிடும். ஷியர் உள்ளபோது மையத்தையே தவறாகப் பிடிக்கும். அது எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது, மையத்தை எங்கே வைத்தது என்ற இரண்டு நெடுவரிசைகளையும் பார்த்த பிறகே எண்ணைப் பாருங்கள்.

மற்ற மையங்களின் வேகத்தோடு ஒப்பிடும்போது, யார் எத்தனை நிமிடச் சராசரி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் புயல் மையம் 1 நிமிடம், இந்தியத் துறை 3 நிமிடம், ஜப்பான் 10 நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண்கள் வந்தால் அதில் ஒரு பகுதி இந்தச் சராசரியால் வருவது.

எவ்வளவு நம்பலாம்? விமான அளவீடு உள்ள அட்லாண்டிக்கில் சரிபார்த்தபோது, கணிப்புகளில் பாதி 5 நாட்டுக்குள்ளும், முக்கால்வாசி 12 நாட்டுக்குள்ளும், பத்தில் ஒன்பது 18 நாட்டுக்குள்ளும் பொருந்தின. ஆகவே “83 கி.மீ.” என்று ஒற்றை எண்ணாக எழுதுவதைவிட “80 முதல் 90 வரை” என்று எழுதுவதே முறையின் உண்மையான துல்லியத்துக்கு ஏற்றது.

இந்த எண் காற்றை மட்டுமே சொல்கிறது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், வகைப்பாட்டில் வெறும் “புயல்”தான். தீவிரப் புயல்கூட இல்லை. புதுச்சேரியை மூழ்கடித்தது அதன் மழை. கரையோரத்தில் நகராமல் நின்றதால் வந்த மழை அது. நகர்வேகம் டி-எண்ணில் எங்கும் இல்லை. எண் எடுத்து முடித்த கையோடு, கடைசி ஆறு மணி நேரத்தில் மையம் எத்தனை கி.மீ. நகர்ந்தது என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.